பருத்திக்குத் தராசு, பன்றிக்குத் தடி

கரிசல் காட்டில் விளைகிற எதற்கும் ஒரு தராசு இருக்கிறது. பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், மிளகாய் வத்தல் என்று எதை எடுத்தாலும் நிறுத்துத்தான் விலை. கோவில்பட்டியில் அரசு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. எடையில் கோளாறு என்று சம்சாரி சத்தம் போட்டால் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆள் அங்கே உண்டு. அவர் கேட்கிறாரா இல்லையா என்பது வேறு கதை. கேட்கக் கடமைப்பட்டவர் என்று சட்டம் சொல்கிறது. ஆட்டை எடுத்துக்கொண்டால், எட்டயபுரத்தில் சனிக்கிழமை சந்தை. ஒரு யாவாரி சொன்ன விலை கட்டுபடியாகவில்லை என்றால் ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த யாவாரியிடம் போகலாம்.

பன்றிக்குத் தராசும் இல்லை, சந்தையும் இல்லை. இதே மண்ணில், இதே வெயிலில், ஊர்களின் கடைசித் தெருவில் வளர்கிற உயிர் அது. வளர்ப்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர்கள், குறவர்கள், காட்டுநாயக்கர்கள். அந்தப் பன்றி எப்படி விலை போகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு என் கேள்விக்கு வருகிறேன்.

யாவாரி வெளியூரிலிருந்து வண்டியோடுதான் வருவார். கொட்டிலுக்கு வெளியே நின்றபடியே பார்ப்பார். "முப்பத்தஞ்சு கிலோ தேறும்" என்பார். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். நாற்பது வருடமாகப் பன்றி வளர்க்கிறவர். அவர் கண்ணுக்கு அது ஐம்பது. "அது தாயோட முதுகத் தொட்டுட்டுய்யா, இன்னுமா முப்பத்தஞ்சு?" என்பார். "வயித்துல தீனி கெடக்கு ஆத்தா. போற வழியில வத்திப்போகும்ல" என்று யாவாரி கழித்துக்கொண்டே வருவார். சில பேர் தராசு கொண்டுவருவதும் உண்டு. ஆனால் தராசும் அவருடையது, முள்ளைப் படிக்கிற கண்ணும் அவருடையது. பேச்சு நடக்கும்போதே கூட வந்த பையன்கள் பன்றியைப் பிடித்துக் காலைக் கட்டிவிடுவார்கள். பன்றிக்கு வேர்க்காது, கட்டிப்போட்டு வெயிலில் கிடந்தால் கத்திக் கத்தியே மூச்சு முட்டிச் செத்துப்போகும். அவிழ்த்துவிட்டால் மறுபடி கைக்கு அகப்பட ரெண்டு நாள் ஆகும். இது பெரியம்மாவுக்கும் தெரியும், யாவாரிக்கும் தெரியும். கால் கட்டின பிறகு சொல்வதுதான் கடைசி விலை.

சீட்டு கிடையாது. பாதி ரூபாய் இன்றைக்கு, மீதி அடுத்த நடைக்கு. அடுத்த நடையில், "அந்தப் பன்னி வழியிலயே செத்துப்போச்சு ஆத்தா" என்று கணக்கு முடிந்துபோவதும் உண்டு.

இதில் ஒரு யாவாரியிடம் நான் நேரடியாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, நான் யாரு கையையும் முறுக்கல. சம்மதிச்சுத்தான குடுத்தாங்க? புடிக்கலன்னா வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியதுதான" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ரெண்டு பேரும் சம்மதித்து நடந்த விற்பனையில் அநியாயம் எந்த இடத்தில் நுழைகிறது? விலை பேசுவது அவரவர் சாமர்த்தியம் என்று விட்டுவிட வேண்டியதுதானா? அரசு நடுவில் வந்து நிற்க என்ன நியாயம் இருக்கிறது?

சம்மதம் என்ற சொல்லை நாம் ரொம்பச் சுலபமாகப் புழங்குகிறோம். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடிகிறவர் சொல்கிற 'சரி'யைத்தான் சம்மதம் என்று சொல்ல முடியும். பெரியம்மா வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும்? இன்னும் ஒரு மாதத்துக்குத் தீனி தேட வேண்டும். ஓட்டல் எச்சில் எடுக்க விடியுமுன்னே குடத்தோடு நடக்க வேண்டும். குழுக்கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் உட்கார்ந்திருப்பான். அதற்குள் பன்றி பிடிக்கிற வண்டி வந்துவிட்டால் மொத்தமும் போச்சு. யாவாரி வேண்டாம் என்று சொன்னால்? வண்டியைத் திருப்பி அடுத்த ஊருக்குப் போவார். இந்த ரெண்டு 'வேண்டாம்'களுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் ஐம்பது கிலோவை முப்பத்தஞ்சு கிலோவாக்குகிறது.

ஆகவே யாவாரி நல்லவரா கெட்டவரா என்று ஆராய்வதில் பயனில்லை. நல்லவர்களும் இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறவரும் உண்டு. ஆனால் அந்த ஐந்நூறு அவருடைய மனசிலிருந்து வருகிறது. மனசு மாறினால் அதுவும் வராது. ஆண்டை மரக்கால் தலைதட்டாமல் அளந்தால் அதைத் தர்மம் என்று சொல்லிப் பாடின காலத்திலிருந்து நாம் வந்திருக்கிறோம். வாங்குகிறவனுடைய மனசில் நியாயம் இருந்தால் போதாது. அது வெளியில், எழுத்தில், ரெண்டு பேருக்கும் பொதுவான ஓரிடத்தில் இருக்க வேண்டும். விற்பனைச் சட்டம் என்ற ஒன்று உலகத்தில் வந்ததற்கு இதுதான் நியாயம்.

அந்தச் சட்டங்களின் கதையில் 1933ஆம் வருடம் முக்கியமானது. அந்த வருடம் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டம் வந்தது. பருத்தி, நிலக்கடலை, புகையிலை இந்த மூன்றும் அதில் பெயர் சொல்லப்பட்ட பயிர்கள். குறித்த இடத்தில் விற்பனை, சரிபார்த்த எடை, இஷ்டத்துக்குக் கழிவும் தரகும் பிடிக்கத் தடை, மேற்பார்வைக்கு ஒரு குழு. 1936இல் திருப்பூரில் பருத்திக்காக முதல் சந்தை அமைந்தது. இன்றைய ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன என்றாலும் அவற்றின் தாய் அந்த 1933தான்.

அதே 1933இல் இங்கிலாந்தில் பன்றிக்குச் சட்டம் வந்தது. பேக்கன் என்பது உப்பிட்டு, பல நேரம் புகையும் போட்டுப் பதப்படுத்திய பன்றிக்கறி. வெள்ளைக்காரனுடைய காலைச் சாப்பாடு. டென்மார்க்கிலிருந்து மலிவாக வந்து குவிந்த பேக்கனால் உள்ளூர்ப் பன்றிக்காரர்கள் நொடித்துப்போனார்கள். லேன் ஃபாக்ஸ் என்பவர் தலைமையில் 1932இல் ஒரு குழு அறிக்கை கொடுத்தது. மறுவருடம் பன்றி வளர்ப்பவர்களுக்கு ஒரு வாரியம், பேக்கன் ஆலைக்காரர்களுக்கு ஒரு வாரியம். பேக்கனுக்கு விற்கிற பன்றியை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. தீவனம் என்ன விலைக்கு விற்கிறதோ அதைக் கணக்கில் எடுத்துத்தான் பன்றியின் விலை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பன்றி வளர்ப்பவர்களிடம் வாக்கெடுப்பு நடத்திய பிறகுதான் அந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பூனா ஒப்பந்தத்தில் நாம் தனித்தொகுதியை இழந்தது 1932இல். அதற்கு மறுவருடம் நம்மை ஆண்ட நாட்டில் பன்றிக்காரர்கள் பன்றி விற்பனைச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஏற்பாடு நன்றாக நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. வெளிச்சந்தையில் பச்சைக்கறிக்கு நல்ல விலை கிடைத்தபோது வளர்ப்பவர்கள் அங்கே போனார்கள். விலைக்கணக்கில் ரெண்டு தரப்புக்கும் ஓயாத சண்டை. 1937க்குப் போதுமான பன்றிகள் ஒப்பந்தத்துக்கு வராமல் ஏற்பாடு படுத்துவிட்டது. 1938இல் புதுச்சட்டம் போட்டார்கள். 1939இல் போர் வந்து எல்லாவற்றையும் உணவு அமைச்சகம் எடுத்துக்கொண்டது. தோல்விதான். ஆனால் அந்தச் சண்டையில் பன்றி வளர்த்தவன் ஒரு தரப்பாக இருந்தான். அவனைக் கேட்காமல் கணக்கு முடியவில்லை.

டென்மார்க்காரர்கள் இன்னொரு வழி கண்டிருந்தார்கள். 1887இல் ஜெர்மனி அவர்களுடைய உயிர்ப்பன்றிகளை வாங்கமாட்டேன் என்று கதவை அடைத்தது. அதே வருடம் ஹார்சென்ஸ் என்ற ஊரில் சம்சாரிகளே சேர்ந்து கூட்டுறவு பேக்கன் ஆலை தொடங்கினார்கள். விற்கிறவனும் ஆலைக்காரனும் ஒரே ஆள். எடையில் ஏமாற்றினால் தன் பையிலிருந்து எடுத்துத் தன் பையிலேயே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது நம் ஊருக்குத் திரும்பலாம். 1933இல் பருத்திக்குத் தராசு கொடுத்த அரசு, பன்றிக்கு ஏன் கொடுக்கவில்லை? அரசுக்கு இரக்கம் இல்லை என்று சொன்னால் அது அரைப் பதில். பருத்திக்குக் கொடுத்ததும் இரக்கத்தால் இல்லையே. 1897இல் பேரார் பகுதியில் பருத்திச் சந்தைச் சட்டம் போட்டபோது அரசின் கண் லங்காஷயர் ஆலைகள் மீது இருந்தது. கலப்படமில்லாத பஞ்சு, சீரான விலையில், தொடர்ந்து வேண்டும். கோவில்பட்டியில் 1901லேயே அரசு விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வந்ததற்கும், கருங்கண்ணிப் பருத்தியை அங்கே அத்தனை அக்கறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததற்கும் பின்னால் இருந்தது ஆலைப் பசிதான். இங்கிலாந்தில் பன்றிக்குச் சட்டம் போட்டதும் டென்மார்க்கின் போட்டிக்காக. மூலதனத்துக்கு எது தேவைப்படுகிறதோ அதன் மீது சட்டத்தின் வெளிச்சம் விழுகிறது. அப்படியானால் மூலதனத்துக்குத் தேவைப்படாத பண்டத்தை வைத்திருக்கிறவனுக்கு நியாயமான எடை கிடைக்க உரிமை கிடையாதா?

நம் பன்றியின் மீது சட்டமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நிறைய இருக்கிறது. 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் 'தொல்லை' என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. கேடு உண்டாகும்படி வைத்திருக்கிற மிருகம் அதில் வருகிறது. நகராட்சிச் சட்டங்களில் பன்றி வளர்க்க அனுமதி வாங்க வேண்டும், தெருவில் திரிந்தால் பிடிக்கலாம். ஒரு நகராட்சியில் பன்றி பிடிக்க வந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். கம்பிச் சுருக்கும் தடியும். ஒரு மணிநேரத்தில் ஒரு தெருவின் சேமிப்பு முழுக்க வண்டியில் ஏறியது. எத்தனை பன்றி, யாருடையது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டோம். "தொல்லைக்கெல்லாம் ரசீது உண்டா?" என்றார் வந்தவர். சட்டத்தின் மொழியில் அவர் சரியாகத்தான் பேசினார். பருத்தி சட்டத்துக்குச் சரக்கு. பன்றி சட்டத்துக்குத் தொல்லை. சரக்குக்கு விலை உண்டு, உடையவன் உண்டு. தொல்லைக்கு அப்புறப்படுத்தும் செலவு மட்டும்தான்.

பேக்கன் ஆலையே நம் நாட்டில் இல்லை என்பதும் உண்மை இல்லை. அலிகார், ஹரிங்கட்டா, கன்னவரம், போரிவலி என்று அரசு பேக்கன் ஆலைகள் வந்தன. கேரளத்தில் கூத்தாட்டுக்குளத்தில் 1973இல் அரசு இறைச்சி நிறுவனம் வந்தது. அதே 1973இல் இறைச்சிப் பொருள்களுக்கு மத்திய அரசு ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டது. 2011 முதல் அந்த வேலையை உணவுப் பாதுகாப்புச் சட்டம் செய்கிறது. ஆலையின் தரை எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி, கத்தி எப்படி, அறுக்குமுன் மிருகத்தை யார் சோதிக்க வேண்டும் என்றெல்லாம் அவை கேட்கும். ஆலைக்கு வந்த பன்றிக்கு அதை வளர்த்தவர் கையில் என்ன விலை கொடுத்தாய், எந்தத் தராசில் நிறுத்தாய் என்று கேட்காது. தின்கிறவருக்குச் சட்டம் இருக்கிறது, அது வேண்டியதுதான். வளர்த்தவருக்கு இல்லை.

2020இல் ஒரு வினோதம் நடந்தது. மத்திய அரசு கொண்டுவந்த விவசாயச் சட்டங்களில் 'விளைபொருள்' என்பதற்கான விளக்கத்தில் கோதுமை, நெல்லோடு சேர்ந்து பன்றிப் பண்ணைப் பொருளும் இடம்பிடித்தது. அந்தச் சட்டங்களைச் சம்சாரிகள் எதிர்த்தார்கள். எதிர்த்தது சரிதான், பெருநிறுவனங்களுக்குக் கதவு திறந்துவிட்ட சட்டங்கள் அவை. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது, நவம்பரில் நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. அந்தக் கொஞ்ச காலம் சட்டத்தின் வாயில் பன்றி சரக்காக இருந்தது. எங்கள் தெருவுக்கு அந்தச் சேதி வந்து சேருவதற்குள் அது முடிந்தும் போனது.

தமிழ்நாடு 2019இல் விளைபொருள்களுக்கும் கால்நடைகளுக்கும் ஒப்பந்தப் பண்ணைச் சட்டம் போட்டது. விலையை முன்கூட்டியே எழுதி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். நல்ல ஏற்பாடு மாதிரி தெரிகிறது. ஆனால் எழுத்து இருந்தாலே போதும் என்று நான் நம்பவில்லை. பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள். குஞ்சு நிறுவனத்தினுடையது, தீவனம் நிறுவனத்தினுடையது, கொட்டகையும் கடனும் மட்டும் இவர்களுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. சங்கம் வைத்துக் கூட்டமாகப் பேசுகிறபோதுதான் அந்தக் கூலி ஏறுகிறது. அவர்களுக்காவது நிலம் இருக்கிறது. கொட்டிலுக்குப் பட்டா இல்லாத பெரியம்மாவோடு ஒப்பந்தம் போட எந்த நிறுவனம் வரும்?

2021இல் திருத்திய தேசியக் கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணைக்கு ஐம்பது சதவீத மானியம் உண்டு. 100 தாய்ப்பன்றி, 10 கிடாப்பன்றி வைத்தால் 30 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஐந்து பன்றி வைத்திருக்கிறவர் அந்த விண்ணப்பத்தைத் தொடக்கூட முடியாது. இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நிலமும் வங்கிக் கணக்கும் உள்ளவர் ஊருக்கு வெளியே வேலி போட்டு வெண்பன்றி வளர்த்தால் அவர் தொழில்முனைவோர், அவர் பன்றி சரக்கு. காலனியில் கருப்புப் பன்றி வளர்த்தால் அது தொல்லை. தீட்டு பன்றியிடம் இருந்திருந்தால் வேலிக்குள் போனதும் அது எப்படி மாயமாகும்? தீட்டு வைத்திருப்பவரைப் பார்த்துத்தான் ஒட்டுகிறது.

அரசு நம் பன்றியை எடை பார்த்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அஸ்ஸாமிலும் அருணாச்சலத்திலும் நுழைந்தது. 2022இல் கேரளத்தின் வயநாட்டுக்கு வந்தது. நோய் பரவாமலிருக்கப் பண்ணைப் பன்றிகளைக் கூட்டமாகக் கொன்று புதைத்தார்கள். இழப்பீடு எடைப்படி: 15 கிலோ வரை உள்ள குட்டிக்கு 2,200 ரூபாய், 100 கிலோவுக்கு மேல் 15,000 ரூபாய். நோய்க்கு முன்னால் வேறு வழியில்லைதான். ஆனால் ஒரு விஷயம் வெளியே வந்துவிட்டது. பன்றிக்கு எடை உண்டு, எடைக்கு விலை உண்டு, அதை அரசால் எழுதிவைக்கவும் முடியும். குழிக்குள் தள்ளுகிற அன்றைக்கு முடிகிற காரியம் விற்கிற அன்றைக்கு ஏன் முடியாது? அந்த ஜூலையில் கேரளம் வெளிமாநிலப் பன்றிக்குத் தடை போட்டது. இங்கே, "கேரளா அடைச்சிட்டான் ஆத்தா" என்று சொல்லியே விலையைப் பாதியாக்கினார்கள். அது எத்தனை நாள் தடை என்று பெரியம்மாவுக்குச் சொல்ல யாரும் இல்லை.

நம் தோழர்களிடமிருந்து வருகிற மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "பன்றி வளர்ப்பது சாதி நம் தலையில் கட்டின தொழில். 1927இல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டுக்கறியை விடச் சொன்னார். நீ என்னவென்றால் பன்றிக்குத் தராசு கேட்கிறாய். விட்டுவிட்டு வெளியே வா" என்கிறார்கள். விட விரும்புகிறவர் விடத்தான் வேண்டும். எந்தப் பிள்ளையும் எச்சில் குடத்தோடு நடக்கக் கூடாது என்பதில் எனக்கு ரெண்டாவது கருத்து இல்லை. ஆனால் அம்பேத்கர் விடச் சொன்னது இழிவின் பெயரால் இலவசமாக நம் மீது சுமத்தப்பட்டதை. பெரியம்மாவின் பன்றி அவருடைய சொத்து. அவர் கண்ணும் கையும் நாற்பது வருட உழைப்பும் போட்டு வளர்த்தது. ரெண்டு பெண்பிள்ளைகளை அதை விற்றுத்தான் படிக்க வைத்தார். தொழிலை விடுவதற்கும் கையில் கொஞ்சம் காசு வேண்டும். சரியான விலை கிடைத்தவர்தான் அந்தத் தொழிலிலிருந்து தன் இஷ்டப்படி வெளியேற முடியும். அரைவிலைக்கு விற்கிறவர் அதிலேயே கிடந்து சாவார், இல்லையென்றால் வேலிக்காரரின் பண்ணையில் கூலிக்குப் போவார்.

நமக்குள்ளேயும் ஒன்றைப் பேசியாக வேண்டும். பன்றி வைத்திருக்கிற தெருவில் பெண் எடுக்க யோசிக்கிற தலித்துகள் இருக்கிறார்கள். பன்றி பிடிக்க வண்டி வரவேண்டும் என்று நகராட்சிக்குப் போன மனுக்களில் நம் கையெழுத்தும் இருந்திருக்கிறது. ஊர் நம்மைப் பார்க்கிற கண்ணால் நாம் இன்னொருவரைப் பார்த்துவிட்டு, அதற்குச் சுகாதாரம் என்று பெயர் வைக்கிறோம். சுகாதாரம் வேண்டும். கொட்டிலுக்கு இடமும் தண்ணீரும் சாக்கடையும் கேட்டால் அது சுகாதாரம். ஆளை விரட்டினால் அது சாதி.

நான் கேட்பதில் பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி வியாபாரத்தில் புழங்குகிற எந்தத் தராசுக்கும் அரசு முத்திரை வேண்டும். அந்தச் சட்டம் பன்றித் தெருவுக்கு வெளியே நின்றுகொள்ள வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. முத்திரையுள்ள ஒரு தராசு தெருவுக்குப் பொதுவாக இருக்கட்டும். கால் கட்டுகிறதுக்கு முன்னால் நிறுத்துவிட வேண்டும். வாரத்தில் ஒருநாள் ஒரு திடல் வேண்டும், நாலு யாவாரி அங்கே ஒன்றாக வந்து நிற்கட்டும். ஒரு சீட்டு வேண்டும்: எடை, விலை, பாக்கி, தேதி. ஐந்து பன்றிக்காரர்கள் இருபது பேர் சேர்ந்தால் மானியத் திட்டம் கேட்கிற 100 வந்துவிடும். அந்தக் கூட்டுறவுக்கு விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வேண்டும்.

'சம்மதிச்சுத்தான குடுத்தாங்க' என்று சொன்ன யாவாரிக்கு இதுதான் என் பதில். நாலு யாவாரி நிற்கிற திடலில், பொதுத்தராசுக்குப் பக்கத்தில், பன்றியின் கால் அவிழ்ந்திருக்கும்போது பெரியம்மா ஒரு விலைக்குச் சரி என்று சொன்னால் அதைச் சம்மதம் என்று நானும் ஒத்துக்கொள்வேன். அது முப்பத்தஞ்சு கிலோவுக்குரிய விலையாக இருந்தாலும் ஒத்துக்கொள்வேன்.

அதுவரைக்கும் இதை வாசிக்கிற தோழர்களிடம் ஒரு வேலை. உங்கள் ஊரில் பன்றித் தொல்லை என்று அடுத்த மனு தயாராகும்போது வாங்கிப் படித்துப் பாருங்கள். கொசு, சாக்கடை, பள்ளிக்கூடம் எல்லாம் அதில் இருக்கும். பன்றி யாருடையது, பிடித்துக்கொண்டு போனால் அவருக்கு என்ன விலை கொடுப்பது என்ற வரி இருக்காது. அந்த வரியை எழுதச் சொல்லுங்கள். எழுதாத வரைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.